நாலு விரல் இடைவெளி

பக்கத்தில் வந்து உட்காருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் பக்கத்தில். ஒரு கூண்டின் கதை சொல்கிறேன். பயம் வந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிடித்திருப்பது எத்தனை விரல் என்று மட்டும் எண்ண வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை காலை, நாலு விரல் நுழைந்த இடத்தில் மூன்று விரல்தான் நுழைந்தது.

அக்கா தன் கையையே திருப்பிப் பார்த்தாள். ஒரே ராத்திரியில் விரல் தடித்துவிடுமா? பதினெட்டு வருடமாக வெல்டிங் பட்டறை நடத்துகிறவள், அளவு தப்பாதவள். தம்பி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு காரின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தான். அவன் தலைக்கும், கூரையை ஒட்டி வளைந்து போகும் இரும்புக் குழாய்க்கும் நடுவே நாலு விரல் போக வேண்டும். முந்தின நாள் போனது.

"என்னக்கா, திருதிருன்னு முழிக்கிற?"

"உன் தலை வீங்கிடுச்சுடா."

"போன ரேஸ்ல மூணாவதா வந்ததுலேர்ந்து வீங்கித்தான் இருக்கு."

"மொத்தமே நாலு வண்டிதானே ஓடுச்சு."

அது அவர்கள் அப்பா ஓட்டிய கார். சின்ன வயதில் தம்பி கடித்த பல் தடம் கதவு ரப்பரில் இன்னும் இருக்கிறது. இப்போது பின்சீட்டையும் கூரைத்துணியையும் பிடுங்கிவிட்டு, உள்ளே குழாய்களால் ரோல் கேஜ் கட்டுகிறாள் அக்கா. கார் உருண்டால் கூரை நசுங்கும், இந்தக் கூண்டு நசுங்காது, உள்ளே இருப்பவன் பிழைப்பான். ஞாயிற்றுக்கிழமை பந்தயம். கூண்டில்லாத வண்டியை உள்ளே விட மாட்டார்கள்.

"புதுக் குழாய்தானேக்கா?" என்று திங்கட்கிழமையே கேட்டிருந்தான்.

"புதுசுடா. வந்து உக்காரு, அளவு பாக்கணும்" என்றிருந்தாள்.

புதிதில்லை. சொல்லி வைத்த குழாய் வந்து சேரவில்லை. அவனோ ஒரு வருடமாக இந்த ஞாயிற்றுக்காகவே நாளை எண்ணிக்கொண்டிருந்தான், அந்த முகம் வாடுவதைப் பார்க்க அவளால் ஆகாது. பழைய இரும்புக் கடையின் சுவரில் கூண்டின் குழாய் வளைவு ஒன்று சாய்ந்திருந்தது. வேறொரு பந்தயக் காரிலிருந்து வெட்டியெடுத்தது. ஓட்டுநர் பக்கம் ஒரு சாண் அமுங்கியிருந்தது.

"ஒரு தடவை உருண்டதும்மா இது" என்றார் கடைக்காரர். "மழைநாள்ல, ரோட்டை விட்டு வயலுக்குள்ள. இதை வெட்டித்தான் ஆளை வெளிய எடுத்தாங்க."

"ஆளு?"

அவர் தராசைப் பார்த்தார். "எடுத்தாங்க" என்றார் மறுபடியும்.

ஒருமுறை உருண்ட கூண்டை இன்னொரு வண்டியில் பொருத்தக்கூடாது. தொழிலில் முதல் பாடம் அது, அவளே எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறாள். ஆனாலும் அமுங்கிய இடத்தைச் சிவக்கச் சுட்டு, ஜாக்கி கொடுத்து நிமிர்த்தி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். புதிது போல மின்னியது.

புதன்கிழமை தானே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து கையை விட்டுப் பார்த்தாள். அவள் தம்பியைவிடக் குள்ளம். இருந்தும் மூன்று விரல்தான். தரையில் போட்ட வெல்டிங் விட்டுப்போகவில்லை, கூரையில் ஒரு கீறல் இல்லை. வளைவு மட்டும் இறங்கியிருந்தது.

காற்றடித்தால் வெல்டிங் கேஸ் கலைந்து இரும்பு சரியாகப் பற்றாது என்பதால் உச்சிவெயிலிலும் பட்டறையின் ஷட்டரை இறக்கித்தான் வைப்பாள். அந்த ஒற்றை பல்பின் மஞ்சள் வெளிச்சத்தில், இரண்டு நாளாகத் தீயே படாத, தொட்டால் சில்லென்றிருந்த அந்த இரும்பு, அவள் முதுகைத் திருப்பும்போதெல்லாம் யாரோ நெட்டி முறிப்பது போல ஒவ்வொரு சொடக்காகப் போட்டுக்கொண்டிருக்க, கிரீஸ் வாடைக்கும் பெட்ரோல் வாடைக்கும் அடியிலிருந்து ஈர மண்ணும் நசுங்கிய புல்லுமாக ஒரு மணம் எழுந்து அவள் தொண்டையில் ஒட்டியது. பட்டறையில் மண் ஏது? தரை முழுக்க சிமெண்டு.

வியாழக்கிழமை வளைவில் சின்னதாக ஒரு துளை போட்டாள். பந்தயத்துக்கு முன் பரிசோதகர்கள் அதன் வழியாகத்தான் குழாயின் தடிமனைப் பார்ப்பார்கள். துளை விழுந்ததும் குழாய் மூச்சு விட்டது. நீளமாக, வெதுவெதுப்பாக. அவள் மணிக்கட்டில் ஈரம் படர்ந்தது. பிறகு துளைக்குள்ளிருந்து, அவள் குரலிலேயே:

"புதுசுடா."

அன்று சாப்பிடும்போது சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். தம்பி, வண்டியின் எண்ணைக் கதவில் எங்கே எழுதுவது என்று தட்டில் விரலால் வரைந்து காட்டிக்கொண்டிருந்தான். வாயை மூடிக்கொண்டாள். நாளைக்கு அவன் வருவதற்குள் வளைவை வெட்டி எறிந்துவிட வேண்டும். அப்புறம் அவன் அழட்டும், கத்தட்டும், ஒரு மாதம் பேசாமல் இருக்கட்டும். உயிரோடு இருந்தால் போதும்.

வெள்ளி பிற்பகல். ஷட்டரை இறக்கினாள். பின்சீட்டு இருந்த இடத்தில் மல்லாந்து படுத்து, வளைவின் கால் தரையைத் தொடும் இடத்தில் கிரைண்டரை வைத்தாள். பொறி பறந்தது. நான்கைந்து நொடி. கிரைண்டர் நின்றது. பல்பும் அணைந்தது.

சொடக்கு.

இருட்டில் அசையாமல் கிடந்தாள்.

சொடக்கு.

வளைவிலிருந்து பின்பக்கம் சரியும் குழாய் அவள் நெஞ்சின் மேல் வந்து உட்கார்ந்தது. மெதுவாக. ஓர் ஆள் உட்காருவது போல. மூச்சு வெளியே போனது. திரும்பி வர இடமில்லை.

ஷட்டர் தட்டப்பட்டது. "அக்கா! இருக்கியா?"

வராதே. வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

"புதுசுடா" என்றது தலைக்கு மேலிருந்த துளை. அவள் குரல். அதே செல்லம். "வந்து உக்காரு, அளவு பாக்கணும்."

ஷட்டர் பாதி ஏறியது. வெயில் ஒரு கீற்றாகத் தரையில் விழுந்தது. அதில் அவன் செருப்பு.

"கரண்ட் போயிடுச்சா? எங்கக்கா இருக்க?"

குதிகாலால் தரைத் தகட்டை உதைத்தாள். மறுபடி உதைத்தாள்.

"ஓ, வண்டிக்கு அடியிலயா? சரி சரி, உதைக்காத, உக்காந்துட்டேன்."

இருக்கை முனகியது. ஹெல்மெட். பெல்ட். டக். டக். டக். டக். நான்கும் பூட்டிக்கொண்டன.

"எத்தனை விரல் போகுது?"

"நாலு" என்றது துளை.

"அப்பாடா! ஆனா உன் கட்டைவிரல் கழுத்துல படுதுக்கா. சில்லுன்னு இருக்கு."

அவள் பார்த்தாள். அவனுடைய இரண்டு கைகளும் ஸ்டியரிங்கின் மேல் இருந்தன. அவளுடைய இரண்டு கைகளும் நெஞ்சுக் குழாயைத் தள்ளிக்கொண்டிருந்தன. வளைவுக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவே, நகக்கண்ணெல்லாம் ஈர மண்ணாக, நாலு விரல் இருந்தன.

அளந்து முடித்த பிறகும் அவை எடுக்கப்படவில்லை.

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வாசலிலிருந்து கிளம்புகிற வண்டியெல்லாம் போன மாதிரியே திரும்பி வரட்டும். ஆசைப்பட்ட பிள்ளையின் முகம் வாடினாலும் உண்மையைச் சொல்லும் தைரியம் உங்கள் வீட்டாருக்கு இருக்கட்டும். உங்கள் எல்லோருடைய தலைக்கு மேலும் எப்போதும் இடம் இருக்கட்டும்.