ஒரு தரையிறக்கம் குறைகிறது

துருவிக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. எதைச் சொன்னாலும் "ஏன்? எப்படி? அப்புறம்?" என்று துருவித் துருவிக் கேட்டதால் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வீட்டில் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருந்தது.

அன்று பள்ளி ஆண்டு விழா. சிறப்பு விருந்தினர் விமானப்படையின் பெரிய அதிகாரி; பள்ளியில் எல்லோரும் அவரை ஜெனரல் என்றே சொன்னார்கள். பள்ளிக்குப் பின்னால் இருக்கும் விமானத் தளத்தில்தான் அவர் இளம் பைலட்டாக வேலைக்குச் சேர்ந்தாராம். நாற்பது வருடம் கழித்து, ஓய்வு பெற ஒரு வாரமே இருக்கும்போது வருகிறார். அவரை அறிமுகப்படுத்தப் போவது ஐந்தாம் வகுப்பு துருவி!

அவள் மேடை ஏறுவது அதுதான் முதல் தடவை. மூன்று நாளாகக் கண்ணாடி முன் நின்று வணக்கம் சொல்லிப் பழகியிருந்தாள். படிக்க வேண்டிய தாள் மட்டும் அன்று காலையில்தான் ஜெனரலின் அலுவலகத்திலிருந்து வந்தது.

படைப்பிரிவுத் தலைவர், பயிற்சிப் பள்ளித் தலைவர், தளத் தலைவர் என்று பதவிகள் படிப்படியாக ஏறிக்கொண்டே போயின. பதக்கங்கள் மட்டும் பதினொன்று. கடைசி வரியில், 'புறப்பாடு 3,206. தரையிறக்கம் 3,205' என்று இருந்தது. அந்தக் கடைசி ஐந்தை அடித்து, சிவப்பு மையில் யாரோ ஆறு போட்டிருந்தார்கள்.

"இதை யார் டீச்சர் திருத்தினது?"

"வேற யாரு, நான்தான்" என்றார் தமிழ் டீச்சர். பேருந்தில் ஒட்டிய நோட்டீஸைக்கூடத் திருத்தாமல் இறங்க மாட்டார் அவர். "மேலே கெளம்பின விமானம் எறங்காம அங்கேயேவா நிக்கும்? டைப் அடிச்சவர் தூக்கக் கலக்கத்துல அடிச்சிருக்கார். நான் எழுதினதைப் படி. ஒரு எழுத்து மாறினாலும் மைக்கை வேற பொண்ணுகிட்ட குடுத்துடுவேன்."

துருவிக்கு மனம் ஒப்பவில்லை. அவளுடைய அம்மா அதே தளத்தில் விமான மெக்கானிக். வேலை முடிந்ததும் ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர் எல்லாவற்றையும் அங்கே எண்ணித்தான் பெட்டியில் வைப்பார்கள். ஒன்று குறைந்தாலும் அது கிடைக்கும்வரை எந்த விமானமும் நகராது. போன மாதம் ஒரு சின்ன ஸ்க்ரூவைத் தேடிக்கொண்டிருந்ததில், துருவியின் பிறந்தநாள் கேக்கையே அம்மா கோட்டை விட்டாள். இப்படிப்பட்டவர்களா தரையிறக்கத்தைத் தப்பாக எண்ணுவார்கள்?

மேடையில் வைத்துக் கேட்டால் பெரிய மனிதருக்கு ஒரு மாதிரி ஆகிவிடும். தனியாகக் கேட்பதுதான் சரி.

ஜெனரல் தலைமையாசிரியை அறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்ற வீரர், "என்ன பாப்பா?" என்றார்.

"சின்ன விஷயம்தான் அங்கிள். ஒண்ணே ஒண்ணு குறையுது, கேட்டுட்டுப் போயிடறேன்."

வீரருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் உள்ளே விட்டார்.

அவள் நீட்டிய தாளில் சிவப்புத் திருத்தத்தைப் பார்த்ததும் ஜெனரலின் முகம் வாடிவிட்டது. "டைப் அடிச்சது சரிதாம்மா. ஒரு தடவை விமானம் எறங்கலை."

"அப்ப நீங்க?"

"பாராசூட்ல எறங்கினேன். இங்கே வேலைக்குச் சேர்ந்த புதுசு. நடு வானத்துல என்ஜின் நின்னு போச்சு. கீழே ஊர். விமானத்தை ஏரிப் பக்கமாத் திருப்பி விட்டுட்டுக் குதிச்சேன். யாருக்கும் ஒண்ணும் ஆகலை."

"நல்லதுதானே சார்? ஏன் முகத்தை இப்படி வெச்சிருக்கீங்க?"

ஜெனரலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த வேகத்தில் போயும்விட்டது.

"அன்னைக்குக் காலைல என் மெக்கானிக் அந்த விமானத்தைத் தட்டிக் குடுத்து, 'பத்திரமாக் கொண்டு வந்துடுங்க'ன்னார். நான் வெறுங்கையோட வந்து நின்னேன். அவர் ஒரு வார்த்தை திட்டலை. என்னாலதான் அவர் முகத்தைப் பார்க்க முடியலை. அடுத்த வாரமே வேற ஊருக்கு மாத்திட்டாங்க. போற இடத்துல எல்லாம் யாராவது இந்த எண்ணைத் திருத்திடுவாங்க. நானும் விட்டது தொல்லைன்னு பேசாம இருந்துடுவேன்."

துருவிக்குப் பாவமாக இருந்தது. இத்தனை பதக்கம் வாங்கியவர், தொலைத்த பேனாவுக்காகத் திட்டு வாங்கப் போகிற பையன் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"சார், எங்க அம்மாவும் மெக்கானிக்தான். அவங்க பார்த்துக்கிட்ட விமானம் ஒண்ணு போன வருஷம் விழுந்துடுச்சு. போன் வந்ததும் அம்மா, 'ஆள் எப்படி இருக்கார்?'னுதான் கேட்டாங்க. நல்லா இருக்கார்னு சொன்னதும் அப்படியே தரையில உக்காந்து அழுதுட்டாங்க. விமானத்தைப் பத்தி மறுநாள்தான் பேசினாங்க."

"நெஜமாவா?"

"நெஜமா. மூணாவது வரிசையில இருக்காங்க, வேணும்னா கேட்டுக்குங்க."

ஜெனரல் தேநீர்க் கோப்பையை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"நான் எந்த எண்ணைப் படிக்கட்டும் சார்? நீங்க சொல்றதைத்தான் படிப்பேன்."

"டைப் அடிச்சதையே படி. காரணத்தையும் சொல்லிடு. டீச்சரை நான் சமாளிச்சுக்கறேன்."

மேடையில் துருவி பழகியபடி வணக்கம் சொல்லி, கடைசி வரி வரைக்கும் படித்தாள். குரல் தெளிவாகவே வந்தது.

"தரையிறக்கம் மூவாயிரத்து இருநூற்று ஐந்து."

தமிழ் டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டு மைக்கை நோக்கி ஓடி வந்தார். துருவி அவசரமாக மீதியையும் சொல்லிவிட்டாள்.

"இது பிழை இல்லை. ஒரு தடவை விமானம் திரும்பி வரவில்லை. ஆனால் இவர் வந்துவிட்டார்!"

மூன்றாவது வரிசையிலிருந்து முதல் கைதட்டல் வந்தது. பிறகு தளத்திலிருந்து வந்திருந்த மெக்கானிக்குகள் எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். டீச்சரும் பாதி வழியில் நின்று தட்டினார்.

ஜெனரல் எழுதி வைத்திருந்த உரையைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"ஏரியில விழுந்த என் விமானத்தை அன்னைக்கு அனுப்பி வெச்ச மெக்கானிக் இன்னும் இந்த ஊர்லதான் இருக்கார்னு கேள்வி. நாப்பது வருஷமா அவரைப் பார்க்க எனக்குத் தைரியம் வரலை. விழா முடிஞ்சதும் நேரா அங்கேதான் போறேன். அவர் வீடு யாருக்காவது தெரியுமா?"

"ஏரியில விழுந்த விமானம்னா எங்க பழைய மெக்கானிக் ஐயாதான். எங்க பக்கத்துத் தெருதான் சார்!" என்று துருவியின் அம்மா எழுந்தாள்.

விழா முடிந்து ஜெனரலின் பெரிய கார் கேட்டைத் தாண்டியபோது, முன் சீட்டில் உட்கார்ந்து கைநீட்டி வழி சொல்லிக்கொண்டிருந்தாள் அம்மா.