மண்ணைத் தொடாத மின்சாரம்

“அய்யோ... மாதப்பண்ணன் போயிட்டாரு!”

ஹெல்பர் கரியப்பன் போட்ட அலறலில் ஷெட்டே திரும்பிப் பார்த்தது.

ஓசூர் சிப்காட். அலுமினிய வார்ப்புத் தொழிற்சாலை. மின் பேனலுக்கு முன்னால் எலக்ட்ரீஷியன் மாதப்பன் மல்லாந்து கிடந்தான். விரல்கள் கருகியிருந்தன.

முதலில் ஓடி வந்தவன் மெயின்டனன்ஸ் இன்ஜினியர் பிரதாப்.

“மெயினை ஆஃப் பண்ணுங்கய்யா! ஆம்புலன்ஸ்... சீக்கிரம்!”

என்ன பதற்றம்! என்ன கரிசனம்!

கொன்றதே அவன்தான்.

கம்பெனியின் புதுச் செம்புப் பட்டைகளை அவன் அத்திப்பள்ளி செக்போஸ்ட் தாண்டி கர்நாடகாவில் விற்றதை மாதப்பன் பார்த்துவிட்டான். பார்த்தவன் சும்மா இருந்தானா? “மொதலாளி வந்ததும் சொல்லிப்புடுவேனுங்க சார்” என்று திருடனிடமே போய்ச் சொன்னான். பாவி மனுஷன்!

பிரதாப் யோசித்தான்.

மற்ற இடங்களில் டிரான்ஸ்ஃபார்மரின் நியூட்ரலை பூமியோடு கட்டியிருப்பார்கள். ஒரு ஒயர் மண்ணில் பட்டால் லைன் உடனே கட்டாகிவிடும். இந்த ஷெட்டில் அப்படிக் கட்டானால் உலையில் உருகிய அலுமினியம் உறைந்துபோகும். அதனால் இதற்கென்று தனியாக ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர். அதன் நியூட்ரலை பூமியோடு கட்டவே இல்லை. ஒரு ஒயர் மண்ணில் பட்டாலும் லைன் ஓடும். எச்சரிக்கை மணி மட்டும் அடிக்கும்.

மணி அடிக்காத வரை, ஒற்றைக் கம்பியைத் தொட்டால் சுருக்கென்று ஒரு குத்தல்... அவ்வளவுதான்! கரண்ட் பூமி வழியாகத் திரும்பிப் போகப் பாதை இல்லை. இதை நம்பி இங்கே எல்லோரும் லைனை நிறுத்தாமல் வெறுங்கையால் ஃபியூஸ் மாற்றுவார்கள். எமனோடு விளையாடுகிற கிறுக்குப் பழக்கம்.

பிரதாப் மணியின் இணைப்பைப் பிடுங்கினான். வேறொரு ஃபேஸ் கம்பியை எடுத்து ரகசியமாகப் பூமியோடு கட்டினான். பாதை ரெடி!

மணி சத்தம் இல்லையே என்று மாதப்பன் நம்பிக் கை வைத்தான்...

மெயின் அணைந்த களேபரத்தில் பிரதாப் அந்த ஒயரைக் கழற்றினான். மணியை மறுபடி மாட்டினான். இனி போலீஸ் ‘விபத்து’ என்று எழுதிவிட்டால் பிழைத்தான். எழுதாவிட்டால் தூக்குக் கயிறு!

இன்ஸ்பெக்டர் சுடலைமுத்து வந்தார். திருநெல்வேலிக்காரர். சிரிக்காமல் நக்கலடிப்பவர்.

“எப்படி சார் நடந்துச்சு?”

“கேர்லெஸ் சார். காலையிலேயே தண்ணி போட்டிருப்பான் போல. லைன்ல கை வெச்சிட்டான்.”

“எந்தக் கம்பி?”

பிரதாப் பேனல் கதவைத் திறந்து காட்டினான்.

“இதுதான். தொட்டா ஆள் காலி!”

“யம்மாடி... பாத்தாலே ஈரக்கொல நடுங்குதே!”

பிரதாப்பின் செல்போன் கூவியது. முதலாளி! பேசிவிட்டுத் தயங்கினான்.

“சார், அலுமினியம் உறைஞ்சிடும்னு மொதலாளி கத்துறாரு. பாடியும் ஜி.ஹெச். போயாச்சு. லைனைப் போட்டுக்கலாமா?”

“போடுங்க. ஆக்சிடென்ட்தான?”

பிரதாப்புக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. மெயின் ஏறியது. மெஷின்கள் உறுமின.

அப்போதுதான் பொற்கொடி ஓடி வந்தாள். மாதப்பனின் மனைவி. பேக்கிங் செக்ஷனில் வேலை. தலைவிரி கோலம்.

“எம் புருஷன் குடிச்சாருன்னு எவன் சொன்னான்? எவன்டா சொன்னான்?”

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பேனலுக்கு முன்னால் வந்தாள்.

“என்னை ஒத்தையில விட்டுட்டுப் போயிட்டியே சாமி! எந்தக் கம்பி? இதுவா? நானும் வர்றேன்!”

திறந்திருந்த பேனலுக்குள் பாய்ந்து கம்பியைப் பிடித்தாள்!

“ஏ புள்ள!” என்று கரியப்பன் கத்தினான்.

“புடிங்கலே அவள!” என்று இன்ஸ்பெக்டர் கத்தினார்.

வாட்ச்மேன் கத்தினான். பெண்கள் கத்தினார்கள்.

பிரதாப் சலிப்போடு பார்த்துக்கொண்டு நின்றான். சனியன், இப்போது எதற்கு இந்த நாடகம்?

பொற்கொடி கையை உதறினாள். அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

“சாவு கூட வர மாட்டேங்குதே எனக்கு!”

உயிரோடு இருந்தாள்!

சுடலைமுத்து மெல்லத் திரும்பினார்.

“கம்பியில கரண்ட் இருக்கா, இல்லியா?”

“இருக்குதுங்க சார்” என்றான் கரியப்பன். “ஷெட்டே ஓடுதே!”

“பின்ன இந்தம்மா எப்படிப் பொழச்சா?”

“அ... அதிர்ஷ்டம் சார்...” என்றான் பிரதாப்.

“இல்லீங்க சார்” என்றான் கரியப்பன். “அழுத அழுகையில எனக்குப் புத்தியே ஓடலீங்க. இது மண்ணோட சேராத லைனு. ஒத்தக் கம்பி ஆளைக் கொல்லாதுங்க. வேற ஃபேஸ் மண்ணுல பட்டிருந்தாத்தான் கொல்லும். பட்டிருந்தா மணி அடிச்சிருக்கணுமே!”

“காலையில பட்டிருந்தது இப்ப எங்க போச்சு?”

“யாரோ... எடுத்திருக்கணுங்க சார்.”

அந்த ஒயரை அப்படியே விட்டிருந்தால் விபத்து. சுத்தம் பண்ணினான் பாருங்கள்... அதுதான் அவனைக் காட்டிக்கொடுத்தது!

“என்னை ஏன் சார் பாக்குறீங்க?” பிரதாப் ஓரடி பின்வாங்கினான். “இத்தனை பேர் இருக்காங்களே!”

“கரியப்பா... ஒத்தக் கம்பி கொல்லாதுன்னு தெரிஞ்சும் நீ ஏம்லே கத்துன?”

“காலையில அண்ணனைக் கொன்ன கம்பிங்க சார்! பயம் இருக்காதா?”

“கேட்டீரா வே?” சுடலைமுத்து பிரதாப்பின் சட்டைக் காலரைப் பற்றினார். “தெரிஞ்சவனும் கத்துனான். தெரியாத நானும் கத்துனேன். காலையில கொன்ன கம்பி இப்பக் கொல்லாதுன்னு ஒருத்தனுக்குத்தான் தெரியும். அதச் சரி பண்ணி வெச்சவனுக்கு!”

பிரதாப் காலரை விடுவிக்கத் திமிறினான்.

பொற்கொடி எழுந்தாள். கீழே குவிந்திருந்த வார்ப்பு மணலில் ஒரு பிடி வாரி அவன் முகத்தில் தூற்றினாள்.

“நீ நாசமாப் போவ! உன் வம்சமே வெளங்காதுடா!”

“சார்... ப்ளீஸ் சார்...” பிரதாப் கையெடுத்துக் கும்பிட்டான்.

கும்பிட்ட கையிலேயே விலங்கை மாட்டினார் சுடலைமுத்து.

“அந்தப் பொம்பளைக்காக ஒரு சத்தம் கத்தியிருந்தா நீரு தப்பிச்சிருப்பீரு வே! இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல... அத ஸ்டேஷன்ல வந்து நிதானமாக் கத்தும்!”