காந்த அறையில் கொண்டை ஊசி

டெலிபோன் அலறியது.

இன்ஸ்பெக்டர் எடுத்தார். ஒரு பெண்குரல், மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசியது.

"கொண்டை ஊசி ஸ்கேன் சென்டர்ல இருக்கா. வந்தா பிடிக்கலாம்..."

வைத்துவிட்டது.

கொண்டை ஊசி!

பட்டப்பெயர்தான். தலையிலிருந்து ஓர் ஊசியை உருவினாள் என்றால் எந்தப் பூட்டும் வாயைத் திறந்துவிடும். அவள் நடந்து வந்த சத்தத்துக்கே ஒரு பேங்க் லாக்கர் திறந்துகொண்டதாக ஊரில் சொல்வார்கள். சுத்தப் பொய். வாசலில் நின்று இருமினாள், அதற்குத்தான் திறந்தது.

முந்தாநாள் ஜெயிலிலிருந்து தப்பியவள். இவளையும் கோட்டைவிட்டால் இன்ஸ்பெக்டரின் பதவி உயர்வு அம்போதான்.

ஜீப் பறந்தது.

ஸ்கேன் சென்டரில் ஒரு தடித்த கதவு. பக்கத்தில் கண்ணாடி. அதற்கு அந்தப் பக்கம் ராட்சதக் குழாய் மாதிரி ஒரு மெஷின். அதன் வாயிலிருந்து இரண்டு பாதங்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

"அவதான்..." இன்ஸ்பெக்டர் கதவில் கை வைத்தார்.

ஸ்கேன்காரர் குறுக்கே பாய்ந்தார்.

"சார், உள்ள காந்தம். துப்பாக்கி, பெல்ட்டு, விலங்கு எல்லாத்தையும் இந்தத் தட்டுல வைங்க. போன வருஷம் ஒரு நாற்காலி பறந்துபோய் ஒட்டிக்கிச்சு."

"நாற்காலிதானே..."

"மேனேஜர் அதுல உக்காந்திருந்தார் சார்."

இன்ஸ்பெக்டர் கழற்றினார். தட்டில் ஏற்கெனவே ஒரு கைப்பிடி கொண்டை ஊசிகள் கிடந்தன.

ஊசி இல்லாத கொண்டை ஊசி! அவருடைய மீசை சிரித்தது.

"உடம்புக்குள்ள ஏதாவது இரும்பு?"

"தொடையில ஒரு வெடிகுண்டுச் சில்லு. பழைய கேஸ்."

"அப்ப நீங்க இங்கயே நில்லுங்க சார். உள்ள போனா, சில்லு உங்களுக்கு முன்னாடி போய் அவங்களை அரெஸ்ட் பண்ணிடும்."

"மெஷினை நிறுத்துய்யா."

"முடியாது." கம்ப்யூட்டர் முன்னால் இருந்த டாக்டரம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இவங்க குடும்பத்துலயே புற்றுநோய் வர்ற வாய்ப்பு இருக்கு. பரம்பரைக் கோளாறு. அம்மா, அண்ணன் ரெண்டு பேரும் அதுலதான் போனாங்க. இவங்களுக்கு வருஷா வருஷம் உச்சந்தலையிலேர்ந்து உள்ளங்கால் வரைக்கும் பார்த்தாகணும். போன வருஷம் வரலை."

"போன வருஷம் ஜெயில்ல இருந்தா."

"அது கட்டிக்குத் தெரியுமா?"

இன்ஸ்பெக்டர் ஸ்கேன்காரர் பக்கம் திரும்பினார். "வேற வழி இருக்கா வெளியே போக?"

"இந்த ஒரு கதவுதான்."

"அப்ப எலி பொறிக்குள்ளதான்..." இன்ஸ்பெக்டர் உட்கார்ந்தார்.

தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுவதுபோல் மெஷின் அடித்துத் தீர்த்தது. பிறகு அடங்கியது.

கதவு திறந்தது.

தலைவிரி கோலமாக, வெறுங்காலுடன் வந்தாள் கொண்டை ஊசி. ஓடவில்லை. தட்டிலிருந்து விலங்கை அவளே எடுத்துக் கொடுத்தாள்.

"இதைத்தானே சார் தேடறீங்க?"

மாட்டினார். மாட்டும்போதே அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஓடினால்தானே பிடித்ததாகக் கணக்கு?

"தப்பிச்சவ போக்கிடம் இல்லாமலா இங்க வந்து படுத்தே?"

"ஸ்கேனுக்கு அனுப்புங்கன்னு ஜெயிலர் ஐயாகிட்ட கெஞ்சினேன் சார். வலிக்குதான்னார். இல்லன்னேன். அப்ப வலிச்சா வான்னார். வலிச்சப்புறம் டாக்டர்கிட்ட போனவங்கதான் எங்கம்மாவும் அண்ணனும். அந்த வரிசையில நிக்க எனக்கு இஷ்டமில்ல."

டாக்டரம்மா நாற்காலியைத் திருப்பினார்.

"வலது சிறுநீரகத்துல ஒரு கட்டி. பட்டாணி அளவு."

விலங்குச் சங்கிலி கிணுகிணுத்தது. அவள் கைகளை வயிற்றோடு அழுத்திக்கொண்டாள். கிணுகிணுப்பு நின்றது.

"பட்டாணிதானே... எடுத்துடலாமா?"

"இப்பன்னா எடுத்துடலாம். வலிக்கிற வரைக்கும் விட்டிருந்தா, சொல்ல முடியாது."

"கேட்டுக்கிட்டீங்களா சார்? மறக்காம கோர்ட்ல சொல்லணும்."

"நான் எதுக்குச் சொல்லணும்?"

"எங்க பிடிச்சேன்னு ஜட்ஜ் ஐயா கேப்பாரே. ஸ்கேன் சென்டர்லன்னுதானே சொல்லியாகணும்? அங்க எதுக்குப் போனான்னு அடுத்து கேப்பாரு. அத்தனை பேர் காதுலயும் விழுந்தப்புறம், வலிச்சா வான்னு எந்த ஜெயிலர் சொல்லிடுவாரு, பார்த்துடறேன்."

இன்ஸ்பெக்டருக்கு மண்டைக்குள் ஏதோ இடித்தது.

"அப்ப... எனக்கு போன் பண்ணினது?"

அவள் விலங்கோடு கையை உயர்த்தி மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"வந்தா பிடிக்கலாம்..."

ஸ்கேன்காரர் அவசரமாகச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவருடைய முதுகு குலுங்கியது.

இன்ஸ்பெக்டர் தட்டிலிருந்த ஊசிகளை எல்லாம் வாரித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மறுபடியும் ஏமாற அவர் என்ன சின்னப் பிள்ளையா? அவளை ஜீப்பில் பக்கத்திலேயே உட்கார வைத்து ஓட்டினார்.

முதல் சிக்னலில் ஜீப் நின்றது. இன்ஸ்பெக்டரின் மடியில் ஏதோ கனமாக விழுந்தது.

விலங்கு. வாயைத் திறந்துகொண்டு கிடந்தது.

அவர் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார். ஊசி ஒன்று குறைந்தது. அது அவள் கொண்டையில் இருந்தது.

"அடுத்த வருஷமும் இதே மாசம் பார்க்கணுமாம் சார்," என்றாள். "நீங்களே கூட்டிட்டு வர்றீங்களா... இல்ல, நானே வந்துடட்டுமா?"