நாற்பத்தோராவது கம்பம்

நாங்கள் அடிவாரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது காலை மணி ஏழு. மழை விட்டு நான்கு நாள்தான் ஆகியிருந்தது. தேசியப் பூங்காவை இன்னும் திறக்கவில்லை. வனக்காவலர் கேட்டைத் திறந்துவிட்டு, ஜீப்பின் பின்னால் கிடந்த இரும்புக் கம்பத்தை எட்டிப் பார்த்தார்.

"நாப்பத்தொண்ணாவது மறுபடி சாஞ்சிருச்சு," என்றார். "ஆறு மாசத்துல இது மூணாவது தடவை."

"பாறையில விரிசல் இருக்கும் சார்," என்றார் மாமா.

"பாறை நல்லாத்தான் இருக்கு." அவர் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். "போன வருஷம் அந்த இடத்துல ரெண்டு பேர் விழுந்தாங்க. கை வழுக்கி இல்ல. வடத்தைத் தாண்டி, தானா ஒதுங்கிப் போய் நின்னாங்களாம். பின்னாடி வந்தவங்க பாத்திருக்காங்க."

"எதுக்கு ஒதுங்கினாங்க?"

"அதைச் சொல்ல அவங்க இல்லையே."

மாமா என் அக்காவின் கணவர். மலைப்பாதைகளில் ஏறுபவர்கள் பிடித்துக்கொள்ள இரும்பு வடம் கட்டுவது எங்கள் தொழில். ஒன்பது வருடமாக இருவரும் சேர்ந்தே போகிறோம். அக்காவுக்கு அப்போது ஏழாவது மாதம். கிளம்பும்போதெல்லாம் அவரிடம் ஒன்றும் சொல்ல மாட்டாள், என்னிடம்தான் சொல்வாள்: "அவருக்கு வாய்ல இருக்கிற கவனம் கால்ல இருக்காது. நீதான் பாத்துக்கணும்."

காட்டுக்குள் இரண்டு மணி நேர நடை. பிறகு மரங்கள் சட்டென்று நின்றுவிட, எதிரே பாறை எழுந்தது. ஒரே கருங்கல். புல் கிடையாது, செடி கிடையாது. பத்தடிக்கு ஒரு கம்பம், கம்பங்களைக் கோத்தபடி இடுப்பளவு உயரத்தில் ஒரு வடம். அதைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். இடுப்புப் பட்டையிலிருந்து வரும் கொக்கியை வடத்தில் மாட்டிக்கொண்டோம்.

"பாத்தியா மாப்ளே, எப்படி முறைச்சுக்கிட்டு நிக்குது," என்றார் மாமா அண்ணாந்து பார்த்து. "உங்க அக்கா தூங்கி எழுந்த மாதிரியே இருக்கு."

நாற்பத்தோராவது கம்பத்தை அடைந்ததும் அவர் பேச்சு நின்றது. மணிக்கட்டுப் பருமன் இரும்பு, பள்ளத்தைப் பார்த்து வளைந்திருந்தது. அடியில் பாறையில் ஒரு கீறல்கூட இல்லை. பல பேர் ஒரே நேரத்தில் தொங்கினால்தான் அப்படி வளையும்.

பழையதைக் கழற்றி, புதியதை நிறுத்தி, திருகுகளை இறுக்கி முடிக்கப் பதினொரு மணி ஆனது. அப்போதுதான் மேகம் இறங்கியது. நாலு பக்கமும் வெள்ளை. எங்களுக்குக் கீழே நான்கு கம்பம் தள்ளி அதற்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. காற்றும் நின்றுவிட்டது. ஈர இரும்பின் வாடை மட்டும் மூக்கில் ஏறியது.

வடம் அசைந்தது.

ஒரு இழுப்பு. சற்று நேரம். மறுபடி ஒரு இழுப்பு. ஆள் ஒருவர் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்து ஏறினால் வடம் அப்படித்தான் அசையும். ஒன்பது வருடப் பழக்கத்தில் எனக்கு அது நன்றாகத் தெரியும்.

"யாரது? பாதை மூடியிருக்கு, திரும்பிப் போங்க," என்று கீழே பார்த்துக் கத்தினேன்.

இழுப்பு நிற்கவில்லை.

"காவலரா இருக்கும்," என்றேன்.

மாமா இல்லை என்று தலையசைத்தார். "அவர் கனத்த ஆளு. இது சின்ன உடம்பு. பொம்பளையா இருக்கும்."

மேலும் இரண்டு இழுப்பு. இப்போது மூச்சு வாங்கும் சத்தமும் கேட்டது. மேட்டில் ஏறிக் களைத்தவர் விடும் மூச்சு. கீழிருந்த நான்காவது கம்பத்தைத் தாண்டியது. மூன்றாவதைத் தாண்டியது. அங்கெல்லாம் எனக்குப் பாறை தெரிந்தது, வடம் தெரிந்தது, வடம் தாழ்ந்து தாழ்ந்து எழுவது தெரிந்தது.

ஆள் தெரியவில்லை.

எங்களுக்கு ஒரு கை தூரத்தில் வந்து நின்றது.

"கொஞ்சம் வழி விடுறீங்களா?"

களைத்த, மரியாதையான குரல். மலையேறும்போது எல்லோரும் எல்லோரிடமும் கேட்பதுதான். பக்கத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம்.

மாமா தன் கொக்கியைக் கழற்றியிருந்தார்.

"மாமா, என்ன பண்றீங்க?"

"பாவம் மாப்ளே, மூச்சு வாங்குறாங்க." அவர் முகத்தில் பயமே இல்லை. பேருந்தில் எழுந்து இடம் கொடுப்பவர் போல இருந்தார். "நாம ஒதுங்கிக்கலாம். முதல்ல அவங்க போகட்டும்."

"அங்க யாருமே இல்ல மாமா."

அதற்குள் வடத்துக்கு அடியில் குனிந்து ஒரு காலைப் பள்ளத்துப் பக்கம் வைத்துவிட்டார். ஈரப் பாறை. கால் வழுக்கியது. நான் பாய்ந்து அவர் இடுப்புப் பட்டையைப் பிடித்தேன். அவர் பாரம் முழுவதும் என் தோளில் இறங்கியது. என் மறு கை வடத்தைப் பற்றியிருந்தது.

அந்தக் கையின் மேல் ஒரு கை வந்து பதிந்தது.

சில்லென்ற, சிறிய கை. உள்ளங்கையில் மணல் நறநறத்தது. என் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தது, எதை முதலில் பிரிக்கலாம் என்று தேடுவது போல. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அக்காவின் முகம்தான் வந்தது. கை போனாலும் பட்டையை விடுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

காதருகே குரல் கேட்டது. கோபமே இல்லை.

"நீங்க வழி விடல."

கை விலகியது. வடம் அசைவற்று நின்றது.

மாமாவை எப்படி மேலே இழுத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் கொக்கியை நானே மாட்டி, நானே கழற்றி, கம்பம் கம்பமாக இறக்கிக் கொண்டுவந்தேன். ரெஞ்சும் பையும் அங்கேயே கிடந்தன. மரங்களுக்குள் வந்ததும் மேகம் கலைந்தது. வெயில் அடித்தது. குருவிகள் கத்தின. எனக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். வாழ்நாளில் மாமா அவ்வளவு நேரம் வாயைத் திறக்காமல் இருந்து நான் பார்த்ததில்லை.

அடிவாரத்தில் ஜீப்பை ஸ்டார்ட் செய்தேன். முன்னால் மூன்று பேர் உட்காரும் நீள சீட். மாமா ஏறி, கதவைச் சாத்தாமல் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். வெளியே பார்த்தார். பிறகு நகர்ந்து நகர்ந்து என் தோளோடு வந்து ஒட்டிக்கொண்டார்.

"கியர் போடணும் மாமா. தள்ளி உக்காருங்க."

அவர் தள்ளவில்லை. காலையும் ஒடுக்கிக்கொண்டார்.

"அவங்க எங்க உக்காருவாங்க மாப்ளே," என்று மெதுவாகச் சொன்னார். "ரொம்ப நேரமா நிக்கிறாங்க."

ஜீப் அந்தப் பக்கமாக லேசாகத் தாழ்ந்தது.

திறந்திருந்த கதவு, சத்தம் போடாமல் சாத்திக்கொண்டது.