பெட்டி மூலையில் ஈரம்

பெட்டியின் ஒரு மூலை ஈரமாக இருந்தது.

சிக்னலில் வேனை நிறுத்திவிட்டு எதேச்சையாகத் திரும்பியபோதுதான் அவள் அதைப் பார்த்தாள். இருக்கைக்குப் பின்னால், பெல்ட்டால் இறுக்கிக் கட்டிய வெள்ளைப் பெட்டி. வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது உண்மைதான், ஆனால் பெட்டியை ஏற்றியது ஆய்வுக்கூடத்துக் கூரைக்குக் கீழே; ஒரு சொட்டு பட்டிருக்க வழியில்லை. உள்ளே வைத்திருப்பதும் வீட்டு ஐஸ் இல்லை. உலர் ஐஸ். அது உருகாது, நனைக்காது, புகையாய்த்தான் போகும். அதற்காகத்தான் ஜன்னலை எப்போதும் கொஞ்சம் இறக்கி வைப்பாள்.

அப்படியென்றால் ஈரம் ஏது?

பெட்டிக்குள் இருந்தது ஆராய்ச்சிக்காக வௌவால் தொண்டையிலிருந்து வழித்தெடுத்த சளி. குப்பியில் சளி, குப்பியைச் சுற்றிப் பஞ்சு, அதற்கு மேல் திருகுமூடி டப்பா, டப்பாவைச் சுற்றி ஐஸ், அதற்கு மேல் பெட்டி. "அது வெளிய வரணும்னா கை கால் முளைக்கணும்" என்று சிரிப்பார் பெட்டி கட்டும் அண்ணன். அவளுக்குச் சுத்தக்காரி என்று பேர் வைத்ததும் அவர்தான். "சோப்பையே கழுவி வைக்கிறவம்மா நீ" என்பார்.

அவளுக்கு அருவருப்பு அதிகம். அடுத்தவர் குடித்த டம்ளரைத் தொட்டாலே உடம்பு கூசும். அதனால்தான் நன்றாகத் துவைத்து மடித்த வெள்ளைத் துணி ஒன்று அவள் வண்டியின் முன்பலகையில் எப்போதும் இருக்கும். ஈரம் என்று கண்ணில் பட்டதும், ஈரமென்றால் தொடாதே என்று சொல்லிக் கொடுத்த பாடமெல்லாம் போய், கை தானாகத் துணியை எடுத்துவிட்டது. எட்டித் துடைத்தாள். துடைத்ததும் துணி லேசில் பிரிந்து வரவில்லை. வெந்த வெண்டைக்காயைப் பிரித்தால் வருமே, அப்படி ஒரு நூல் இழுத்தது. பூச்சாடியில் பல நாள் நின்ற தண்ணீரும் புளித்த பாலும் கலந்த மாதிரி ஒரு வாடை மூக்கில் ஏறி நாக்கின் அடிவரைக்கும் இறங்கியது. அந்த மூலையிலிருந்து ஈரம் கீழே வழிந்திருக்கவில்லை. நத்தை போன தடம்போல மேலே ஏறியிருந்தது.

பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். துணியை முன்பலகையில் போட்டுவிட்டுக் கியரைத் தள்ளினாள். கிருமிநாசினியை உள்ளங்கையில் கவிழ்த்து, விரல் விரலாகத் தேய்த்துக்கொண்டே ஓட்டினாள். மழைதான், வேறென்ன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அடுத்த திருப்பத்தில், மூடிய கடையின் படியில் தங்கள் குழந்தையை அணைத்தபடி அவள் புருஷன் நனைந்துகொண்டிருந்தான். வண்டியில் வேறு ஆளை ஏற்றக்கூடாது. ஆனால் பிள்ளையின் உதடு குளிரில் நீலம் பாய்ந்திருந்தது. கதவைத் திறந்தாள்.

"கடவுள் மாதிரி வந்த, போ. பஸ்ஸே காணோம்" என்று ஏறி உட்கார்ந்தான். "என்ன நாத்தம் இது? எலி செத்துடுச்சா?"

"பேசாம உக்காருங்க. ஜன்னலை மட்டும் ஏத்தாதீங்க."

"சாரல் பிள்ளை மேல அடிக்குதுடி."

"அடிக்கட்டும். மூடினா ஐஸ் புகையில மூச்சு முட்டும்."

வேன் நகர்ந்தது. கண்ணாடி துடைப்பான் கிறீச்சிட்டது. அதற்கடியில் இன்னொரு சத்தம். பின்னாலிருந்து. ஈர வாயை மெல்லத் திறந்து மூடுகிற சத்தம்.

பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பார்த்தாள். துடைத்த மூலை மறுபடி பளபளத்தது. மூடிவரைக்கும்.

ஓரமாக நிறுத்தினாள். பெட்டி கட்டும் அண்ணனைப் போனில் பிடித்தாள்.

"அண்ணே, பெட்டி ஈரமா இருக்கு."

"ஆரம்பிச்சிட்டா சுத்தக்காரி. மழைத் தண்ணியா இருக்கும்மா."

"நனையல அண்ணே. கொழகொழன்னு இருக்கு. மேல ஏறுது."

அண்ணனின் சிரிப்பு நின்றுவிட்டது.

"தொடாத. வண்டிய விட்டு இறங்கு. இறங்கித் தள்ளிப் போய் நில்லு. ஆளுங்கள அனுப்புறேன்."

"முன்னாடியே துடைச்சிட்டேன் அண்ணே."



"எதால துடைச்ச?"

முன்பலகையைப் பார்த்தாள்.

துணி இல்லை.

"அந்தத் துணி எங்கம்மா?" போனில் அண்ணன் குரல் உயர்ந்தது. "பத்திரமாக் கட்டி வெச்சியா?"

அவள் கழுத்து மெல்லத் திரும்பியது. திரும்ப மனசில்லாமல் திரும்பியது.

புருஷன் குழந்தையின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். நெற்றி. கன்னம். வாய்.

"என்ன அப்படிப் பாக்குற? சாரல்ல நனைஞ்சிடுச்சு" என்றான். "உன் துணிய விடச் சுத்தமான துணி இந்த ஊர்ல எங்க இருக்கு?"

"கீழ போடுங்க."

"பல்லு முளைக்குதுபோல. பாரேன், எவ்வளவு எச்சில்."

குழந்தை சிரித்தது. மோவாயிலிருந்து துணிவரைக்கும் ஒரு நூல். தடித்த நூல். மஞ்சள் நூல். அது கீழே சொட்டவில்லை.

ஏறிக்கொண்டிருந்தது.

மெதுவாக. உதட்டைத் தாண்டி. ஈறைத் தாண்டி உள்ளே.

குழந்தை ருசித்து விழுங்கியது. இன்னும் வேண்டுமென்று வாயைத் திறந்தது.