அம்மா வந்திருக்கா!

"உடைங்க மார்ட்டின்!"

சப்-இன்ஸ்பெக்டர் ஆனந்தவள்ளி கத்தினாள்.

கான்ஸ்டபிள் மார்ட்டின் தோளால் மோதினார். கதவு அசையவில்லை. நிலையில் செருகியிருந்த வேப்பிலைதான் உதிர்ந்தது.

ஸ்ரீரங்கம். உச்சி வெயில். தெருவே கூடி நின்றது... ஆனால் பத்தடி தள்ளி!

உள்ளிருந்து பூவரசனின் குரல். காந்தி மார்க்கெட்டில் வாழைக்காய் மண்டி வைத்திருப்பவன்.

"வேணாம் மேடம்! என் சம்சாரம் யமுனாவுக்கு அம்மை போட்டிருக்கு. அம்மா வந்திருக்கா! உள்ள காலை வெச்சீங்க... உங்க வீட்டுக்கும் வருவா!"

மார்ட்டினின் தோள் தானாகப் பின்வாங்கியது.

"மேடம்... எனக்குக் கைக்குழந்தை இருக்கு."

"நீங்க வேதக்காரர்தானே?"

"அம்மைக்கு அதெல்லாம் தெரியுமா மேடம்?"

"யமுனா உயிரோட இருக்காளான்னு எனக்குத் தெரியணும். உடைங்க!"

ஆனந்தவள்ளிக்குப் போன் செய்தது எதிர்வீட்டு அனுசுயா. பதறியிருந்தாள்.

'அம்மை போட்ட வீட்ல கடுகு தாளிக்கிறாங்க மேடம்! அம்மா இருக்கற வீட்ல எண்ணெய்ச் சட்டியே வைக்கக் கூடாதே... தெய்வக் குத்தம்!'

ஆனந்தவள்ளிக்கு அது போதும். அம்மை பொய் என்றால்... அந்த வேப்பிலைக்குப் பின்னால் என்ன?

தாழ்ப்பாள் பிய்ந்தது!

பூவரசனைத் தள்ளிவிட்டு உள்ளே பாய்ந்தாள்.

இருட்டு அறை. வேப்பிலைப் படுக்கை. அதன் நடுவே...

ஓர் உருவம்!

சிவப்புப் புடவை. விரித்த தலைமயிர். மஞ்சள் அப்பிய முகமெங்கும் சிவப்புச் சிவப்பாய் முத்துகள்.

"யாருடி நீ?" உருவம் உறுமியது. "ஊரையே வாரிட்டுப் போக வந்தவ நான்! போடி!"

ஆனந்தவள்ளியின் கை தானாகக் கும்பிடப் போனது...

பாதியில் நின்றது.

விரலில் எச்சில் தொட்டாள். உருவத்தின் கன்னத்தில் ஒரே இழுப்பு!

முத்து அழிந்தது. விரலில் குங்குமம்!

"பேரைச் சொல்லு தாயே."

"செ... செல்லக்கிளி மேடம். ஊரு முசிறி."

"பூவரசனுக்கு நீ என்ன வேணும்?"

செல்லக்கிளி தலையைக் குனிந்தாள்.

"என்னைக் கட்டிக்கறேன்னாரு மேடம். ஜன்னல்ல எட்டிப் பாக்கறவங்க யமுனான்னு நெனைக்கணும்னு உக்கார வெச்சாரு. பசி தாங்கல மேடம்... ரசத்துக்குத் தாளிச்சுட்டேன்."

"யமுனா எங்க?"

செல்லக்கிளியின் கை கொல்லைப்பக்க அறையைக் காட்டியது.

யமுனா தரையில் கிடந்தாள். மணிக்கட்டுகளில் கயிறு. உடம்பெங்கும் பெல்ட் தடம். முத்து ஒன்றுகூட இல்லை.

ஆனந்தவள்ளி அவள் கழுத்தில் விரல் வைத்தாள்.

துடிப்பில்லை. ஆனால்... உடம்பில் இன்னும் சூடு இருந்தது!

"டைவர்ஸுக்குச் சம்மதிச்சிருந்தா விட்டிருப்பேன்" என்றான் பூவரசன், மார்ட்டினின் பிடியிலிருந்து.

ஆனந்தவள்ளி வாசலுக்கு வந்தாள்.

"இந்த அடி அடிச்சிருக்கான். ஒரு சத்தம்கூடவா கேக்கல அனுசுயாம்மா?"

அனுசுயா முந்தானையால் வாயைப் பொத்தினாள்.

"கேட்டுச்சு மேடம். காலைலகூட. 'காப்பாத்துங்க, காப்பாத்துங்க'ன்னு... அம்மா இறங்கிப் பேசுறான்னு நெனைச்சு, தெருவே நின்னு கன்னத்துல போட்டுக்கிட்டோம்."

ஆனந்தவள்ளி தொப்பியைக் கழற்றினாள்.

"காப்பாத்தறது அம்மாவோட வேலைங்க. அவளே 'காப்பாத்துங்க'ன்னு கத்தினா உங்களை நம்பிப் பிரயோஜனமில்ல... இனிமே அம்மாவை நேரா ஸ்டேஷனுக்கு வந்துடச் சொல்லுங்க!"