தெளிக்காத வாசல்

1993 கோடையில் ஒரு காலை. ராயப்பேட்டையில் துப்பறியும் ஷரீஃபின் மேஜைமேல் ஆங்கில நாளிதழில் சுற்றிய செத்த கெளுத்தி மீனை வைத்தார் மயிலாப்பூர் வேதாந்தம். வண்ணமீன் சங்கத் தலைவர். மீன்தொட்டி பற்றிப் பத்து வருஷம் சொற்பொழிவாற்றியவர். தொட்டியைக் கவனித்தவள் மனைவி விசாலாக்ஷி. அவள் இறந்து மூன்று மாதம்.

"அவ குழந்தையாட்டம் வளர்த்தது. ஆறு கெளுத்தியில அஞ்சு செத்துடுத்து, ஒண்ணுதான் பாக்கி. வேலைக்காரி பாஞ்சாலி சோப்புத் தண்ணியைக் கொட்டியிருக்கா. போலீஸுக்கு மூணு பக்கம் எழுதி வெச்சுண்டிருக்கேன்."

"விஷம் சார்!" என்றார் உதவியாளர் வேம்பு. போன வாரம் காணாமல் போன பூனைக்கும் அதையேதான் சொன்னார். பூனை குட்டிகளோடு திரும்பி வந்தது.

வேதாந்தத்தின் வாசல் காய்ந்து கிடந்தது. கோலம் இல்லை. உள்ளே தொட்டியில் மோலி மீன்கள் குதூகலமாகத் திரிந்தன. அடியில் ஒற்றைக் கெளுத்தி மூச்சுக்குத் திணறியது. கண்ணாடி விளிம்பில் படிந்திருந்த வெள்ளையைத் தொட்டு ஷரீஃப் நாக்கில் வைத்தார். வேம்பு கண்ணை மூடிக்கொண்டார்.

"உப்பு போடறீங்களா?"

"தினமும். நோய் வராது. வத்தின தண்ணியை ரொப்பி, ஒரு பிடி கல்லுப்பு. விசாலாக்ஷி அப்படித்தான் செய்வா. ஈஸிசேர்லேர்ந்து பார்த்திருக்கேனே!"

"எத்தனை மணிக்கு எழுந்திருப்பீங்க?"

"ஏழு."

ஷரீஃப் பாஞ்சாலியைக் கூப்பிட்டார். "அம்மா இருந்தப்போ வாசல் தெளிக்கத் தண்ணி ஏதும்மா?"

"இந்தத் தொட்டித் தண்ணிதான் சார். அஞ்சு மணிக்கு ஒரு பக்கெட்டு மொண்டு குடுப்பாங்க. லாரித் தண்ணியவா தெளிக்க முடியும்? அம்மா பூட்டாங்க. வருசம் முடியறவரைக்கும் கோலம் வாணாம், தண்ணியும் தெளிக்காதேன்னு ஐயாதான் சொன்னாரு."

"தண்ணி வத்தும், உப்பு வத்தாது," என்றார் ஷரீஃப். "அம்மா பழைய உப்புத் தண்ணியை எடுத்துட்டுப் புதுசு போட்டாங்க. நீங்க எடுக்காமலே தொண்ணூறு பிடி போட்டிருக்கீங்க. சோப்புன்னா எல்லா மீனும் செத்திருக்கும். மோலி உப்பைத் தாங்கும். செதிலில்லாத கெளுத்தி தாங்காது."

சொற்பொழிவாளர் ஈஸிசேரைத் திரும்பிப் பார்த்தார். "ஊத்தறதை மட்டும்தான் பார்த்திருக்கேன்," என்றார். பிறகு பாஞ்சாலியிடம், "நீயாவது சொல்லப்படாதோ?"

"யாரு கேட்டாங்க?"

மூன்று பக்கப் புகார் நான்காய்க் கிழிந்தது.

"ஒரேயடியா மாத்தினா அதுவும் செத்துடும்," என்றார் ஷரீஃப். "தினம் ஒரு பக்கெட் எடுங்க. அதே அளவு நல்ல தண்ணி ஊத்துங்க. உப்பு வேண்டாம்."

மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு வேதாந்தம் தானே பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். நின்றபடியே தண்ணீரை வீசினார்.

"அம்மா குனிஞ்சி தெளிப்பாங்க ஐயா," என்றாள் பாஞ்சாலி.

குனிந்தார். தெளித்து முடித்த பிறகும் நிமிரவில்லை. கோலமில்லாத ஈரம் அவர் கண்ணெதிரே காய்ந்துகொண்டிருந்தது.